இரவல் படை

வேலம்பாளையத்தில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் வாயிலில் காவல் பணிபுரியும் முன்னாள் படைவீரர் ஒருவர் எனக்குப் பழக்கம். வேலூர்ப் பக்கத்தவர். மாலையில் அவ்வழியே செல்லும்போது சற்று நின்று உரையாடுவது எங்கள் வழக்கம். ஒருநாள் பேச்சு திரைப்படத்தின் பக்கம் திரும்பிற்று. இராஜஸ்தானில் பணியிலிருந்தபோது, ஓர் இந்திப் போர்ப்படத்தின் படப்பிடிப்புக்குத் தம் பிரிவினர் அனுப்பப்பட்டதைச் சொன்னார். பாதிப் பேருக்கு எதிரியின் சீருடை தரப்பட்டது. இவருக்கும் அதுவே வாய்த்தது.

"ஒரே நாள்ல பதினோரு தடவை செத்தேன் சாமி, எதிராளி உடுப்புல" என்று சிரித்தார். அச்சிரிப்பில் ஏதோ குறை இருந்தது.

பின்னாளில் அப்படம் தொலைக்காட்சியில் வந்தபோது, சிறுவனாயிருந்த மகன் "அப்பா, நீங்க எங்கே?" என்று கேட்டிருக்கிறான். நம் பக்கத்தில் துப்பாக்கி ஏந்தி ஓடிய யாரோ ஒருவரைச் சுட்டி, "அதோ" என்றாராம் இவர். அந்தச் சிறு பொய் என்னைப் பல நாள் விடவில்லை.

படைவீரரைத் திரைக்கு இரவல் கொடுப்பது புதிதன்று. 1960இல் வெளிவந்த 'முகல்-ஏ-ஆசம்' படத்தின் போர்க்களத்தில் 8,000 வீரர்களும் 2,000 ஒட்டகங்களும் 400 குதிரைகளும் நின்றதாகச் சொல்வர். அவ்வீரர்களுள் பெரும்பாலோர் இந்திய இராணுவத்திலிருந்து பெறப்பட்டவர்களே. அது தந்தைக்கும் மகனுக்கும் மூண்ட போர். ஆகவே ஒரே படையின் பிள்ளைகள் அக்பருக்காகவும் சலீமுக்காகவும் எதிரெதிரே நின்றார்கள். 'வாட்டர்லூ' (1970) படத்திற்குச் சோவியத் நாடு ஏறத்தாழ 17,000 வீரர்களை அளித்தது. 'பிரேவ்ஹார்ட்' (1995) படத்தில் அயர்லாந்தின் துணைப்படையினரே ஸ்காட்லாந்துக்காரராகவும் ஆங்கிலேயராகவும் உடைமாற்றி உடைமாற்றி மோதினர்.

இவற்றுள் என் சிந்தனையை அதிகம் தூண்டுவது 'தி லாங்கஸ்ட் டே' (1962) படம்தான். 1944இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையிறங்கிய நிகழ்வைச் சொல்லும் படம் அது. 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. ஐரோப்பாவில் எந்நேரமும் போர் மூளலாம் என்ற அச்சம் நிலவிற்று. அவ்வேளையில், காவலுக்கெனக் கடல்கடந்து ஜெர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்க வீரர்களைப் பிரான்சில் படப்பிடிப்புக்கு அனுப்புவதா என்று அமெரிக்கப் பாராளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது; அனுப்பும் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. பிரான்சோ, அல்ஜீரியாவில் உண்மைப் போர் நடந்துகொண்டிருந்தபோதே அப்படத்திற்குச் சுமார் 1,000 வீரரைக் கொடுத்தது. ஒரு கடற்கரையில் பொய்ச்சாவு, மறு கடற்கரையில் மெய்ச்சாவு. இரண்டுக்கும் அனுப்பியது ஒரே கட்டளை.

இங்கேதான் வினா எழுகிறது. படைவீரன் உறுதிமொழி எடுக்கும்போது நாட்டுக்குக் கொடுப்பது எதை? தன் உழைப்பை மட்டுமன்று. தேவையானால் தன் சாவையும் கொடுக்கிறான். அவன் கீழ்ப்படிதலுக்கு மாண்பு தருவது அந்த நோக்கமே. குருமடத்தில் நாங்கள் கற்ற அறநெறிப் பாடத்தின்படி, கட்டளை இடுபவரின் அதிகாரம் அக்கட்டளையின் நோக்கத்தைத் தாண்டி நீளாது. அவ்வாறாயின், நாட்டைக் காக்கப் பெற்ற கீழ்ப்படிதலை ஒரு தயாரிப்பாளரின் ஆதாயத்திற்கு வாடகைக்கு விட எந்த அதிகாரிக்கு உரிமை உண்டு? வெள்ள மீட்புக்கும் அணிவகுப்புக்கும் அனுப்புகிறார்களே எனலாம். வெள்ளத்தில் தத்தளிப்பவன் நம் உடன்பிறப்பு. அணிவகுப்பில் வீரன் தன் உடையில், தானாகவே நடக்கிறான். இது வேறு.

ஆயினும் நான் இதை முற்றும் தவறு எனச் சொல்லமாட்டேன். முகாம் வாழ்வின் சலிப்புக்கு நடுவே படப்பிடிப்பு பலருக்கு மகிழ்ச்சியான மாற்றமாயிருந்திருக்கும். நம் நண்பரும், சாப்பாடு நன்றாயிருந்தது என்று மறவாமல் சொன்னார். என்னை உறுத்துவது அவரை ஒருவரும் கேட்கவில்லை என்பதே. 1981 ஜனவரி 31 அன்று 'காந்தி' படத்தின் இறுதி ஊர்வலக் காட்சிக்காகப் புதுதில்லியில் 3 இலட்சம் பேர் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊதியமின்றித் தாமே விரும்பி வந்தவர்கள். வர விருப்பமில்லாதவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அணியில் நின்றவருக்கு அந்த உரிமை ஏது?

இன்னொன்றும் உண்டு. திருப்பூரில் ஒரே துணியை, ஒரே டெய்லர், ஒரே மேசையில் தைக்கிறார். கழுத்தில் வைக்கும் லேபிள் மட்டும் ஆர்டருக்கு ஆர்டர் மாறுகிறது. சட்டை மாறினால் எதிரி ஆகிவிடலாம் என்பதை நம் நண்பர் தம் உடம்பாலேயே அறிந்தார். போரில் எந்த வீரனுக்கும் அனுமதிக்கப்படாத அறிவு அது. அதை மகனிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை. எதிரியின் உடுப்பில் கிடந்த தந்தையை மகன் ஏற்பானா என்ற ஐயமே அந்தப் பொய்யைப் பிறப்பித்தது. அதன் பொறுப்பில் ஒரு பங்கு, கேளாமல் அவருக்கு அவ்வுடையை மாட்டியவர்களுக்கும் உண்டென்றே நினைக்கிறேன்.

மகன் இப்போது இங்கேயே கட்டிங் மாஸ்டர். சென்ற வாரம் நண்பர் கேட்டார்: "இப்பவாவது அவன்கிட்ட சொல்லிடலாமா சாமி?"

"சொல்லுங்கள்" என்றேன்.

சற்று யோசித்தார். "எந்தப் பொணம்னு கேட்டா என்ன சொல்றது? பதினொண்ணு இருக்கே."