காணாததை அறிதல்: மேக்னட்டார்களும் அனுமானமும்

மேக்னட்டார் என்பது மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் விட்டத்துக்குள் சூரியனைவிட அதிக நிறை அதில் அடங்கியிருக்கிறது. காந்தப்புலத்தை அளக்கும் அலகான காஸில் சொன்னால், பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவு. சாதாரண நியூட்ரான் விண்மீனுடையது லட்சம் கோடி காஸ். மேக்னட்டாருடையது அதைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு அதிகம். இதுவரை அறியப்பட்டவை சுமார் 30. இவற்றில் ஒன்றின் உருவம்கூட எந்தத் தொலைநோக்கியிலும் தெரிந்ததில்லை; ஒன்றின் பிறப்பையும் எவரும் நேரில் கண்டதில்லை. காணாத ஒன்றை அறிந்ததாகச் சொல்ல முடியுமா என்ற மெய்யியல் கேள்விக்கு இவை நல்ல உரைகல்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பூதவாதி, காட்சி எனப்படும் நேரடிப் புலனறிவு ஒன்றையே அறிவு தரும் அளவையாக ஏற்கிறான். பௌத்தம் காட்சியோடு அனுமானத்தையும் ஏற்கிறது. காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிவதற்கு நியாய நூல்கள் தரும் சான்று, ஆற்று வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்ததை உணர்வது. அடைப்பினாலும் ஆற்றில் நீர் உயருமே என்ற தடையை நியாய சூத்திரமே எழுப்புகிறது. நீர் உயர்ந்தது மட்டும் அடையாளமன்று. வேகம், நுரை, அடித்துவரும் இலையும் கட்டையும் எல்லாம் சேர்ந்ததே மழைவெள்ளத்தின் அடையாளம் என்று வாத்ஸ்யாயனர் உரை விடை சொல்கிறது. அனுமானத்தின் வலிமை, வேறு காரணங்களுக்கு இடமில்லாதபடி அடையாளம் எவ்வளவு நுட்பமாகக் குறிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

மேக்னட்டார் உண்டு என்ற முடிவு இந்தச் சோதனையைத் தாங்குகிறது. 1979 மார்ச் 5 அன்று சோவியத்தின் வெனேரா 11, 12 கலங்கள் பெரும் காமாக்கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. அது பெரிய மகெல்லன் மேகத்தில் உள்ள ஒரு சூப்பர்நோவா எச்சத்தின் திசையிலிருந்து வந்தது. வெடிப்பின் வால் 8 விநாடிக்கு ஒருமுறை துடித்தது. அந்தத் துடிப்பு விண்மீனின் சுழற்சியைக் காட்டுவது; எச்சம் இன்னும் கலையாததால் விண்மீனும் இளமையானது. இளம் விண்மீன் இவ்வளவு மெதுவாகச் சுழலக் காரணம் என்ன? கடுமையான காந்தப்புலமே அதன் சுழற்சியைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று 1992இல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் வாதிட்டனர். 1998இல் கிரிஸா கூவெலியோட்டு குழுவினர், எஸ்ஜிஆர் 1806-20 என்ற மூலம் 7.47 விநாடிக்கு ஒருமுறை சுழல்வதையும் அச்சுழற்சி மெல்லக் குறைவதையும் அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்த புலம் சுமார் 8 கோடி கோடி காஸ். கோட்பாடு முன்னே சென்றது; அளவீடு பின்னே வந்து அதை உறுதிப்படுத்தியது.

பிறப்பைப் பற்றிய அனுமானம் அப்படியன்று. சூரியனைப்போல் 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீனின் உட்கரு சரியும்போது நியூட்ரான் விண்மீன் பிறக்கிறது என்பதில் பெரிய ஐயமில்லை. புலம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கருத்து பிரிகிறது. பிறந்த நொடியில் நியூட்ரான் விண்மீன் சில மில்லி விநாடிக்கு ஒருமுறை சுழன்றிருக்கும்; உள்ளே கொதித்துப் புரண்ட பொருளும் அந்தச் சுழற்சியும் டைனமோவாகிப் புலத்தைப் பெருக்கின என்பது டங்கன், தாம்சன் கருத்து. அவ்வளவு வேகமாகச் சுழன்றிருந்தால் மிஞ்சிய ஆற்றல் சூப்பர்நோவா வெடிப்பில் கலந்து அதை வலுவாக்கியிருக்க வேண்டும். ஆனால் மேக்னட்டார்களைச் சூழ்ந்த எச்சங்கள் சிலவற்றை ஆராய்ந்தபோது வழக்கமான ஆற்றலே தென்பட்டது. தாய் விண்மீனிலேயே இருந்த புலம் சரிவின்போது நெருக்குண்டு வலுப்பெற்றது என்பது மற்றொரு கருத்து. 2023இல் எச்டி 45166 என்ற ஹீலியம் விண்மீனில் 43,000 காஸ் புலம் கண்டறியப்பட்டது இதற்குத் துணை. அதன் உட்கரு சரிந்தால் மேக்னட்டாராகும் அளவுக்கு அந்தப் புலம் போதும் எனக் கணக்கிடப்பட்டிருக்கிறது.

ஆக, ஒரே பொருளைப் பற்றிய அறிவிலும் படிநிலை உண்டு. ‘உண்டு’ என்பதற்கான அடையாளங்கள் பலவும் ஒரே காரணத்தைச் சுட்டுகின்றன. ‘எப்படி உண்டாயிற்று’ என்பதற்கானவை இரண்டு காரணங்களுக்கும் இடம் விடுகின்றன. இரண்டாவதில் உள்ள ஐயத்தைக் காட்டி முதலாவதை மறுப்பதும், முதலாவதின் உறுதியை இரண்டாவதற்குக் கடன் கொடுப்பதும் பிழை. காட்சிக்கு எட்டாததெல்லாம் அறிவல்ல என்ற பூதவாதியின் நிலை இங்கே தோற்கிறது. ஆனால் ஒவ்வோர் அனுமானமும் தன் அடையாளத்தின் அளவுக்கே செல்லும்.