நான்கு நங்கூரங்கள்



சாட்சி என்றால் ஜெயித்த கதையைத்தான் எழுதுவோம். இந்த மாதம் நான் தவறிப்போன கதையை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. கஜா புயல் வருகிறது என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நம் சபைத் தம்பி ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஐயா, படகை ஒத்தக் கயித்துல கட்டிட்டு வந்திருக்கேன். ஜாம்பவானோடை வரைக்கும் வந்து ஒரு கை பிடிச்சீங்கன்னா இன்னும் ரெண்டு கயிறு போட்டுரலாம்."

ஜெபக்கூட்டம் ஆரம்பிக்கும் நேரம். "கயிறா தம்பி காப்பாத்தும்? கர்த்தர் பாத்துக்குவார், உக்காந்து ஜெபம் பண்ணுங்க" என்றேன். சபை ஆமென் என்றது. அவரும் கீழ்ப்படிந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய விசுவாச வார்த்தை பேசிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு.

நடுராத்திரி தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரை கடந்தது. மணிக்கு 120, 130 கிலோமீட்டர் காற்று. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் படுத்துக் கிடக்கிறது. கோரையாற்றில் அவர் கட்டின கயிறு மட்டும் முளையில் தொங்கியது. படகு அலையாத்திக் காட்டுக்குள் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கடன் வாங்கி வாங்கிய ஃபைபர் படகு. அவர் என்னைத் திட்டவில்லை. "உக்காந்துட்டேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

பிறகுதான் துறையிலே ஒரு பெரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புயல் காற்று ஒரே பக்கமிருந்து அடிக்காது. கண் கடந்ததும் திசை திரும்பி அடிக்கும். அணியத்தில் மட்டும் கட்டினால் படகு சுழன்று பக்கத்துப் படகிலே மோதும். அமரத்திலும் ஒரு கயிறு வேண்டும். தண்ணீர் ஏறி இறங்க இடம் விட்டுக் கட்ட வேண்டும்; விறைப்பாகக் கட்டினால் ஏற்றத்தில் கயிறு அறும், இல்லை படகே சாயும். விளிம்பில் உரசும் இடத்தில் பழைய சாக்கைச் சுற்ற வேண்டும். இன்ஜினையும் வலையையும் வீட்டுக்குத் தூக்கிவிட வேண்டும். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து படகையே மேட்டுக்கு இழுத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. நாலு பேர்! அன்றைக்கு ஜெபத்தில் எத்தனை வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள்!

தேவ ஜனமே, அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பைபிள் காலேஜில் பரீட்சைக்காகப் படித்த அதிகாரம்தான். அதன்பின் எத்தனையோ முறை பிரசங்கமும் பண்ணியிருக்கிறேன். கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லியாகிவிட்டது. வாக்குத்தத்தம் கையில் இருக்கிறது. ஆனாலும் 29-ஆம் வசனத்தில் கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்குகிறார்கள். தேவன் சொல்லிவிட்டாரே, நங்கூரம் எதற்கு என்று பவுல் தடுக்கவில்லை. நங்கூரம் போடுகிற சாக்கில் மாலுமிகள் படகில் தப்பப் பார்த்தபோதுதான், அவர்கள் கப்பலில் இருந்தாக வேண்டும் என்று எச்சரித்தார். கைவேலை தெரிந்தவன் அவருக்குத் தேவைப்பட்டான். நான் அப்படிப்பட்டவனைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தக் கப்பலும் கடைசியில் உடைந்தது, மறைக்கவில்லை. ஆனால் விடியும்வரை நங்கூரம் பிடித்தது.

அந்தத் தம்பியிடம் சபை முன்னால் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவர் வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அன்றைய ஜெபம் நம் சபையில் கிடையாது, துறையில்தான். வாலிபர்கள் மாலை 4 மணிக்கு ஜாம்பவானோடைக்கு வந்துவிடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கிற நைலான் கயிறு, சாக்கு, பழைய டயர் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். யாருடைய படகு, எந்த மார்க்கம் என்று கேட்க வேண்டாம். அந்தத் தம்பி கட்டச் சொல்லித் தருவார். நான் கயிறு பிடிப்பேன்.