தள்ளுபடியில் கிடைக்கிற புண்ணியம்

அக்டோபர் 2 வந்தால் கலெக்டர் காந்தி படத்துக்கு மாலை போடுவார். கதர்க்கடையில் தீபாவளி விற்பனை தொடங்கும். 30 சதவீதம் தள்ளுபடி. அரசு ஊழியருக்குத் தவணையும் உண்டு. கதர் வாங்கினால் ஏழை நூற்போரும் நெய்வோரும் பிழைப்பார்கள் என்று வேண்டுகோளும் வரும். வாங்குகிறவனுக்கு இரட்டை லாபம். துணியும் மலிவு, புண்ணியமும் மலிவு.

நானும் வாங்குகிறேன். நம்ம வெயிலுக்குக் கதர் இதம். ஆனால் அந்தப் புண்ணியத்தை மனசு ஏற்க மாட்டேங்குது.

திருவேங்கடத்தில் என் சித்தியிடம் இதைச் சொன்னேன். தீப்பெட்டி ஒட்டியே விரல் தேய்ந்தவள். “துணியில தள்ளுதாகன்னா, நூத்தவ கூலியிலயும் தள்ளிருவாகளாய்யா?” என்றாள். இல்லை சித்தி, அரசாங்கம் மானியம் குடுக்கு என்றேன். “அப்ப அந்தத் துட்ட அவ கையிலயே குடுத்தா என்ன?”

கேள்வி அதுதான். ஒரு சிட்டம் என்பது 1000 மீட்டர் நூல். அதற்குக் காதி ஆணையம் வைத்த கூலி 2023 மார்ச் வரை 7.50 ரூபாய். பிறகு 10, 2024 அக்டோபரில் 12.50, 2025 ஏப்ரலில் 15. விலை குறைஞ்சாத்தான் விக்கும், வித்தாத்தான் அவளுக்கு வேலை என்பார்கள். நிசம்தான். 1935ல் நூற்பவருக்கு வாழப் போதுமான கூலி வேண்டும் என்று காந்தியே வாதாடியபோதும் விலை ஏறும், விற்பனை விழும் என்ற பயம்தான் எதிரே நின்றது. அந்தப் பயத்தைச் சுமந்தது யார்? வாங்குகிறவனா, நூற்றவளா?

தர்மத்தின் இந்தக் கணக்கு நமக்குப் புதுசில்லை. 1932 செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தம். அந்த மாசக் கடைசியிலேயே தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு சங்கம். பின்னால் அது ஹரிஜன் சேவக் சங்கம் ஆனது. ஆரம்பத்தில் மத்தியக் குழுவில் இருந்த அம்பேத்கர் விலகினார். பிறகு நம்மவர்கள் நிர்வாகத்தில் இடம் கேட்டபோது காந்தி சொன்ன நியாயம் இது: தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், சங்கம் அவர்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்களுடையது, ஆகவே நடத்துவதும் அவர்களே. அம்பேத்கர் 1945ல் வந்த தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கடன்பட்டவனே கணக்கு எழுதுவான். கடன் கொடுத்தவன் திண்ணைக்குக் கீழே நிற்கணும்.

கதர்க்கடை விளம்பரத்தில் ராட்டை இருக்கிறது, காந்தி இருக்கிறார். நூற்றவள் ‘ஏழை’ என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் இருக்கிறாள். கூலி கேட்கிறவளிடம் பேரம் பேசணும், பதில் சொல்லணும். ஏழைக்கு இரக்கம் காட்டினால் போதும். அதுக்கும் 30 சதவீதம் தள்ளுபடி!

தோழர்களே, கதர் வாங்குங்கள். நல்ல துணி. துணிக்கு விலை கொடுத்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம், தர்மக் கணக்கில் எழுத வேண்டாம். ரசீது வாங்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: கூலி முடிவாகிற கூட்டத்தில் நூற்கிற பொம்பளைக எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்க?