கர்மத்தில் பங்கு

பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலே, ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. இறால் படும் இடங்கள் யாவும் ஒரே தரத்தவை அல்லவாதலால், இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வகுத்து, நல்ல இடமும் நலிந்த இடமும் எல்லோருக்கும் சுழன்று வரும்படி செய்கிறார்கள். முறை தலைக்கட்டுக்கு உரியது, கைத்திறனுக்கு உரியதன்று. (பெண்களுக்கும் பிற குலத்தாருக்கும் அதில் இடமில்லை, பூரண நியாயம் என்று அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.)

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வீட்டு வேலையில் இத்தகைய முறை உண்டா? ‘பாவம், அதுக்கு என்ன தெரியும்’ என்று தாயே சோறு பிசைந்து, தட்டுக் கழுவி, துணி மடித்து வைத்துவிடுகிறாள். குழந்தையின் நிலையைப் பூர்வஜன்ம கர்மம் என்று நொந்துகொள்வோர், கர்மத்திலேதான் மனிதனுக்கு அதிகாரம் என்று கீதை சொல்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. அன்பின் மிகுதியால் அந்த அதிகாரத்தையே குழந்தையிடமிருந்து அவர்கள் பறித்துவிடுகிறார்கள்.

கற்பிக்கும் வழி எளிது, பொறுமைதான் அரிது. 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய லியோ கான்னர், யாவும் மாறாதிருக்க வேண்டும் என்ற அவர்களது தீவிர விருப்பத்தைக் குறித்தார். அந்த விருப்பமே அடுக்களையில் துணையாகும்: தேய்க்கும் நார் என்றும் ஒரே இடத்தில், வேலை என்றும் ஒரே வரிசையில் இருக்கட்டும். தட்டின் எச்சிலைத் தள்ளி, தேய்த்து, அலம்பி, கவிழ்த்து வைப்பதில், முதல் மூன்றையும் தாய் கைபிடித்துச் செய்வித்து, கவிழ்த்து வைப்பதை மட்டும் குழந்தைக்கு விட வேண்டும். அது படிந்தபின் அலம்புவதையும், பிறகு தேய்ப்பதையும் விட்டுக் கொடுக்கலாம். மீன் செதிலின் பிசுபிசுப்பைத் தாங்காத கைகளும் உண்டு. அவற்றை வற்புறுத்துவது கொடுமை.

இந்த முறையில் வேலையை முடித்த திருப்தி, அதாவது பலன், குழந்தைக்கு முதல் நாளே கிடைத்துவிடுகிறது. பலத்தியாகம், அதாவது பலனை எதிர்பாராமை, பெற்றோருக்கே விதிக்கப்பட்டது. ‘நமக்குப் பின் யார்?’ என்ற அச்சத்தோடு கற்பிப்பவர்களுக்கு அது எளிதன்று. அந்த அச்சத்தைக் குற்றமென்று சொல்ல நான் துணியேன். ஆயினும் ஒரு குழந்தை ஆண்டுக்கணக்கில் கவிழ்த்து வைப்பதோடு நின்றுவிட்டால் அதன் அதிகாரம் குறைந்துவிடுமா? குறையாது என்பதே என் துணிபு.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. ஆனால் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று அக்காள் அந்தக் குழந்தையின் தட்டையும் சேர்த்துக் கழுவிவிட்டால், அதைத் தடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.