கேள்விக்குறிக்குப் பின்னால்

இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வருவதை ‘குவெரி ஸ்ட்ரிங்’ என்போம். ஒரு பெயர், சமக்குறி, அதன் மதிப்பு. ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பதிவுத் தளத்துக்காக அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் ஐசி எண்ணை வைத்தேன். தளம் ஓடியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறொரு பிழையைத் தேடி சர்வர் லாக்கைத் திறந்தேன். வரிசை வரிசையாக ஐசி எண்கள். நம் ஐசியில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். பேராக்குக்கு 08. அந்த 08-களுக்கு நடுவே ஓர் எண் எனக்கு மனப்பாடம். பாட்டியுடையது. நான்தான் அவருக்குப் பதிந்து கொடுத்திருந்தேன்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஐசியைச் சுருக்குப்பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொள்வார். அந்தக் காலத்தில் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருமாம். “அஞ்சலட்டைனா கிராணி படிச்சிட்டுத்தான்டா குடுப்பாரு. கவர்ல வந்தாதான் நம்ம சங்கதி நம்மகிட்ட இருக்கும்,” என்பார்.

குவெரி ஸ்ட்ரிங்கும் அஞ்சலட்டைதான். ‘எச்டிடிபிஎஸ் இருக்கே’ என்பார்கள் நண்பர்கள். அது வழியில் ஒட்டுக்கேட்பவரிடமிருந்து காப்பாற்றும். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் லாக்கிலும், புறப்பட்ட இடத்தில் பிரவுசர் ஹிஸ்டரியிலும் முகவரி முழுசாகத் தங்கிவிடும். லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எண்ணும் கூடவே போகும்.

“யாரும் பார்க்கலையே, அப்புறம் என்ன தப்பு?” என்றார் கூட வேலை பார்த்தவர். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. சட்டத்துக்கு அவர் கேள்வி எப்படியோ, எனக்கு அது உறுத்தியது. கிராணி படிக்காமல் கொடுத்த நாட்களும் இருந்திருக்கும். அன்றும் பாட்டிக்கு நிம்மதி இருந்திருக்காது. படிக்கலாமா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். அடுத்தவரை அப்படி ஒரு நிலையில் வைப்பதே தப்பு என்று நினைக்கிறேன். கெடுதல் எதுவும் நடக்காமல் போனது வெறும் அதிர்ஷ்டம். அதற்கு நான் பெருமைப்பட முடியாது.

‘போஸ்ட்’ முறைக்கு மாற்றினேன். எண் இப்போது கோரிக்கையின் உள்ளே போகிறது, கவருக்குள் கடிதம் மாதிரி. பழைய லாக்கை அழிக்கச் சொன்னேன். மற்றவர்களின் ஹிஸ்டரியில் கிடப்பதை என்னால் அழிக்க முடியாது.

பாட்டியிடமும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அப்ப நீயும் படிச்சிட்டியா?”