அழித்துவிட்டுப் போடாதே, தூக்கிக்கொண்டு போ!

ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது, புதிய எஸ்எஸ்டி வாங்கியாயிற்று. உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்ஸ்டால் பண்ணிவிடு." தலையாட்டிவிடாதே, நண்பா! வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து நீ அமைத்த லினக்ஸ் அது. வீடு மாறுகிறவன் பாத்திரம் பண்டங்களைத் தெருவில் கொட்டிவிட்டா போகிறான்?

உன்னால் முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. லினக்ஸின் அமைப்புகள் பெரும்பாலும் நீயே திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகள். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தன் வீட்டுக் கணினியில் எழுதத் தொடங்கியது இது. ஒரு மாணவன் கையில் பிறந்தது உன் கைக்கு அடங்காதா?

லைவ் யுஎஸ்பியில் பூட் செய். டெர்மினலைத் திற. 'எல்எஸ்பிஎல்கே' என்று அடித்தால் இரண்டு வட்டுகளும் கொள்ளளவோடு வரிசையாக வந்து நிற்கும். எது பழசு, எது புதுசு? இந்த ஓர் இடத்தில் மட்டும் அவசரம் கூடவே கூடாது. காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். பிறகு புதியதில் பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் செய்து, இரண்டையும் மவுண்ட் செய்.

நகலெடுக்க 'டிடி' என்றொரு வழி உண்டு. அது காலி இடத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். புதிய வட்டு சிறியதென்றால் அப்படியே கொள்ளாது. என் ஓட்டு 'ஆர்சிங்க்'குக்கே! ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் 1996இல் வெளியிட்ட கருவி. சரியான ஆப்ஷன்களோடு ரூட்டாக ஓட்டினால் கோப்பின் உரிமையாளர், அனுமதி, லிங்க் எதுவும் சிதையாது. நடுவில் மின்சாரம் போனால் போகட்டும்! லைவ் யுஎஸ்பியில் மறுபடி பூட் செய்து, இரண்டு வட்டுகளையும் மவுண்ட் செய்து, அதே கட்டளையைக் கொடு. ஏற்கெனவே வந்து சேர்ந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

இனிதான் சோதனை. புதிய வட்டை மட்டும் மாட்டி ஆன் செய்கிறாய். கருப்புத் திரை. பூட் செய்ய எதுவும் இல்லை என்கிறது கணினி. பலரும் மனம் உடைந்து இன்ஸ்டால் சிடியைத் தேடிப் போவது இங்கேதான். நீ போகாதே! உன் கோப்பு ஒன்றுகூடத் தொலையவில்லை. பூட் செய்யும் 'கிரப்' இன்னும் புதிய வட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். 'இடிசி' அடைவில் இருக்கும் 'எஃப்எஸ்டேப்' கோப்பும் இன்னும் பழைய பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடியையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

மறுபடி லைவ் யுஎஸ்பி. 'பிஎல்கேஐடி' அடித்துப் புதிய யுயுஐடியைப் பார். புதிய பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, அதிலுள்ள எஃப்எஸ்டேப்பில் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டு. டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதற்குள் பைண்ட் மவுண்ட் செய்து, யுஇஎஃப்ஐ கணினி என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அதனிடத்தில் மவுண்ட் செய்து, 'சிஎச்ரூட்' வழியாக உள்ளே போ. 'கிரப்-இன்ஸ்டால்' ஓட்டு. டெபியன், உபுண்டு என்றால் அடுத்து 'அப்டேட்-கிரப்'. ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தெரிந்து அடி. தெரிந்து அடிக்கிறவனைக் கருப்புத் திரை மிரட்ட முடியாது!

பூட் ஆனதும் 'ஃபைண்ட்மவுண்ட்' அடித்து, ரூட் அடைவுக்கு நேரே புதிய வட்டின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார். பழைய வட்டை ஒரு மாதமாவது ஃபார்மேட் செய்யாமல் எடுத்து வை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் மாட்டி எடுத்துக்கொள்ளலாம். யுஎஸ்பியை இன்றைக்கே தயார் செய்!