மேலே வரும் உரிமை

சப்நாட்டிகா என்ற கணினி விளையாட்டில் கொல்வதற்குத் துப்பாக்கி கிடையாது. 4546பி என்று பெயரிட்ட ஒரு கிரகம், கண்ணுக்கு எட்டிய வரை கடல். விண்கலம் விழுந்து நொறுங்கிய இடத்தில் தன்னந்தனியாக மிதக்கிறோம். வேண்டுமானால் ஒரு சிறு கத்தியைச் செய்துகொள்ளலாம். அன்னோன் வேர்ல்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இதை 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்டது. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு உலகத்தில் மேலும் துப்பாக்கிகளைச் சேர்க்க மனம் ஒப்பவில்லை என்று இதை வடிவமைத்த சார்லி கிளீவ்லேண்ட் சொல்லியிருக்கிறார். நான் மதிக்கிற முடிவு அது.

ஆயுதம் இல்லாததால் பயம் நம்மோடேயே தங்கிவிடுகிறது. தொடக்கத்தில் 45 விநாடி மூச்சுதான். ஆழமில்லாத பவளத்திட்டுகளில் வெயில் விழுகிற வரை எல்லாம் அழகு. விழுந்து கிடக்கும் விண்கலத்தின் முன்பக்கம் போனால் தண்ணீர் கலங்கலாகிறது. அங்கே ரீப்பர் லெவியத்தன் என்ற, 50 மீட்டருக்கு மேல் நீளமான ஒன்று திரிகிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அதன் உறுமல் வந்துவிடும். அந்த உறுமலின் எதிரொலியை வைத்துத்தான் அது இரை தேடுகிறது. நமக்குக் கேட்கிற தூரத்தில் அதற்கு நாம் தெரிவோம். மறைமலை நகரில் இரவு ஷிப்ட் பஸ்கள் போன பிறகு, ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தத்துக்கு நடுவே ஹெட்போனில் அதைக் கேட்டால் உள்ளங்கை வேர்க்கும்.

விளையாட விளையாட அந்தப் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, ஆனால் அதற்கு விவரம் கூடியது. எவ்வளவு ஆழம், திரும்பி வர எவ்வளவு காற்று வேண்டும், எந்தப் பக்கத்தில் உறுமல் என்று கணக்குப் போடப் பழகினேன். சீமாத் என்ற சின்ன நீர்மூழ்கி 200 மீட்டருக்குக் கீழே நசுங்கும். இன்னும் ஆழம் போக வேண்டுமென்றால் மேலே வந்து, பொருள் சேர்த்து, அதைப் பலப்படுத்திவிட்டு இறங்க வேண்டும். பயமில்லாதவனுக்கு அந்தக் கடலில் ஆயுசு குறைவு.

எனக்குச் சோறு போடுவது ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப். அங்கே டை மாற்றும் வேலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பல டன் எடையுள்ள ஸ்லைடு தலைக்கு மேலே நிற்கிறது. அதன் அடியில் கை நீட்டி போல்ட்டைக் கழற்ற வேண்டும். முறை என்னவென்றால், மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, உள்ளே கை வைக்கப் போகிற ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. ஸ்லைடுக்கு அடியில் சேஃப்டி பிளாக்கை நிறுத்த வேண்டும். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்கும் வரை மிஷின் ஓடாது. இந்த முறையை லோட்டோ என்போம். யாரோ ஒருவருடைய பயம்தான் இப்படி இரும்புப் பூட்டாக வந்து தொங்குகிறது என்று எனக்குத் தோன்றும். எங்கள் வட்டாரத்தில் விரல் இழந்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, டீக்கடையில் கிளாஸ் பிடிக்கும் கைகளைப் பார்த்தாலே போதும். நான் பார்த்த வரை பூட்டு போடாமல் கை வைப்பது பெரும்பாலும் பழகிய ஆள்தான். புதிதாக வந்த பையன் தயங்கித்தான் நிற்பான். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் முதல் வாரத்திலேயே கேலி செய்து போக்கிவிடுகிறோம்.

நம் கடலோரத்தில் வேறொரு வழக்கம் இருந்தது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கப் போகிறவர்கள் கடல்கட்டி வராமல் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். சுறாக்களின் வாயைக் கட்டுகிற மந்திரக்காரர் அவர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவே இந்த மந்திரக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாம். பொழுது சாய்ந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம். பின்னால் வந்த பிரிட்டிஷ் அரசும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தது. மந்திரத்தால் சுறா கட்டுப்பட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் இறங்குகிறவனின் பயத்துக்கு ஒரு அரசாங்கம் காத்திருந்தது, செலவும் செய்தது என்பதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அதைவிட முக்கியமானது கயிறு. முத்துக்குளிப்பவர் கல்லின் கனத்தில் சரசரவென்று கீழே போவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழிருந்து ஒரு சுண்டு சுண்டினால் காரணம் கேட்காமல் மேலே இழுப்பார். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

கடலில் இறங்குகிறவரைக் காக்கும் வேலையை இன்று எஃகும் டைட்டானியமும் செய்கின்றன. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா 6000 என்ற கலத்தைச் செய்துகொண்டிருக்கிறது. ஆட்கள் உட்காரும் உருண்டையின் விட்டம் 2.1 மீட்டர்தான். அந்த ஆழத்தில் கடல் மட்டத்தைப் போல ஏறத்தாழ 600 மடங்கு அழுத்தம். அதற்காக நேராக 6,000-க்குப் பாயவில்லை. முதலில் ஒரு எஃகு உருண்டையைச் செய்து, 2021 அக்டோபரில் சென்னைக்கு அப்பால் 600 மீட்டர் வரை இறக்கிப் பார்த்தார்கள். மத்ஸ்யாவின் வழக்கமான பணி நேரம் 12 மணி. ஆபத்தில் சிக்கினால் 96 மணி நேரம் உயிரோடு இருக்க உள்ளே ஏற்பாடு இருக்கிறது. வேலைக்கு ஒதுக்கியதைவிட எட்டு மடங்கு நேரம் உயிருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் பயப்படத் தெரிந்தவர்கள்.

விளையாட்டாகட்டும், முத்துக்குளிப்பாகட்டும், மத்ஸ்யாவாகட்டும், பயம் பயன்படுவது ஒரே காரணத்தால்தான்: மேலே வர வழி இருக்கிறது. சப்நாட்டிகாவில் எந்த நிமிடமும் நான் திரும்பலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். என் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கும் பையனுக்கு அந்த வசதி இல்லை. திருவண்ணாமலையிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்திருப்பான். மிஷினின் பாதுகாப்பு சென்சார் சரியாக வேலை செய்யவில்லை என்று அவனுக்குத் தெரியும். “அண்ணா, பயமா இருக்கு” என்பான். “ஒண்ணும் ஆகாதுடா, டார்கெட் போயிட்டிருக்கு” என்று பதில் வரும். மறுபடி சொன்னால் நாளைக்கு கேட் பாஸ் இருக்காது என்ற இன்னொரு பயம் வந்து முதல் பயத்தை விழுங்கிவிடும்.

இந்த ஊருக்கு அந்த இரண்டாவது பயம் நன்றாகத் தெரியும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்ததும், மறைமலை நகர் ஆலையை நம்பியிருந்தவர்கள் மட்டுமல்ல, அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்கள், மெஸ் நடத்தியவர்கள் எல்லோரும் கலங்கினார்கள். 2022 ஜூலையில் இங்கே கார் உற்பத்தி நின்றது. வேலை போகும் பயத்துக்குப் பூட்டும் கிடையாது, ஆழம் காட்டும் மானியும் கிடையாது. அது உள்ளே இருக்கிறவன் கையைக் காப்பாற்ற வேண்டிய பயத்தையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். “தைரியமா இரு” என்று அவனிடம் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அவனிடம் தைரியம் நிறையவே இருக்கிறது, கயிறு பிடிக்க ஆள்தான் இல்லை.

கடும் ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளி அதற்காகப் பழிவாங்கப்படக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-லேயே தன் 155-ஆம் உடன்படிக்கையில் எழுதிவைத்தது. அது ஜெனீவாவிலிருந்து ஒரகடத்துக்கு வந்து சேர லைனில் நிற்கிற ஒரு ஆள் மனது வைத்தால் போதும். சூப்பர்வைசராக, லைன் லீடராக, சீனியராக இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பையன் பயமாக இருக்கிறது என்று சொன்னால் முதலில் மிஷினை நிறுத்துங்கள். எதைப் பார்த்தாய், எந்தச் சத்தம் கேட்டது என்று விசாரியுங்கள். அவன் சொன்னது தவறாகவே இருக்கட்டும், மறுநாள் அவன் கேட் பாஸ் அவனிடமே இருக்க வேண்டும்.